எதிரே உட்கார்ந்தவன்தான் பார்ட்னர்

“பிரிமிட்டிவ் குலங்கள்தான் வரிசைமாற்றக் குலங்களின் பகா எண்கள்.” குலக் கோட்பாடு நடத்துகிறவர்கள் எப்போதாவது ஒருமுறை இந்த வாக்கியத்தைச் சொல்லிவிடுகிறார்கள். (ஒன்றன்பின் ஒன்றாகச் செய்தாலும், திருப்பிச் செய்தாலும் தங்களுக்குள்ளேயே அடங்கும் மாற்றங்களின் தொகுப்புதான் குலம். அவை புள்ளிகளை இடம் மாற்றுபவை என்றால் வரிசைமாற்றக் குலம். பிரிமிட்டிவ் என்றால் என்ன என்பது கீழே வரும்.) காதுக்கு நன்றாக இருக்கிறது, கரும்பலகையில் ஒரே வரியில் அடங்குகிறது, வகுப்பும் தலையாட்டிவிடுகிறது. ஆனால் பல்லிடுக்கில் மாட்டிய மாங்காய் நார் மாதிரி இது உறுத்திக்கொண்டே இருக்கிறது. பொய் என்று துப்பிவிட முடியவில்லை, உண்மை என்று விழுங்கவும் முடியவில்லை. எதுவரைக்கும் இந்த ஒப்புமை தாங்கும், எங்கே காலை வாரும் என்று பார்க்க வேண்டும். அதற்குக் காகிதத்தைவிட வசதியான ஒரு பொருள் வடசென்னையில் சந்துக்குச் சந்து கிடக்கிறது: கேரம் போர்டு.

காசிமேட்டிலோ, வியாசர்பாடியிலோ, புது வண்ணாரப்பேட்டையிலோ பொழுது சாய்ந்த பிறகு டியூப்லைட் வெளிச்சத்தில் போரிக் பவுடர் தூவிய பலகையைச் சுற்றி நாலு பேர் இருப்பார்கள். (2024-இல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கிய காசிமா இந்தப் பக்கத்துப் பெண்தான். இங்கே கேரம் வெறும் பொழுதுபோக்கு இல்லை.) ஆடும் பரப்பு 29 அங்குலச் சதுரம். நாலு பக்கத்துக்கும் 1, 2, 3, 4 என்று வட்டமாக எண் கொடுப்போம். டபுள்ஸ் ஆட்டத்தில் யார் யாருக்குப் பார்ட்னர் என்று யாரும் கேட்பதில்லை, எதிரே உட்கார்ந்தவன்தான். 1-க்கு 3, 2-க்கு 4.

இப்போது சதுரத்தின் சமச்சீர்களை எண்ணுவோம். கால் கால் சுற்றாகத் திருப்புவது நாலு (சும்மா விடுவதும் அதில் சேர்த்தி), கண்ணாடியில் பார்ப்பதுபோல் புரட்டுவது நாலு, மொத்தம் எட்டு. எந்தப் பக்கத்தையும் எந்தப் பக்கத்துக்கும் கொண்டுபோக இந்த எட்டில் ஒன்றாவது கிடைக்கும். அதனால் இந்தக் குலம் டிரான்சிட்டிவ். பாடநூல் தமிழில் ‘கடப்பு’ என்று ஒரு சொல் இருக்கிறது, ஆனால் அது உறவுகளைப் பற்றிய வேறு சங்கதி. இங்கே அதைக் கொண்டுவந்தால் குழப்பம்தான் மிஞ்சும், ஆங்கிலச் சொல்லே இருக்கட்டும். நாலு பேரை இஷ்டப்படி இடம் மாற்றினால் 24 வகை வரும். சதுரம் அதில் எட்டைத்தான் அனுமதிக்கிறது. ஏன் எட்டு மட்டும்? அந்த எட்டும் பார்ட்னர்களைப் பிரிப்பதில்லை. பலகையை எப்படித் திருப்பினாலும் 1-ம் 3-ம் எதிரெதிரேதான் இருப்பார்கள். நாலு பேரை இரண்டு ஜோடியாகப் பிரிக்க மூன்று வழி உண்டு. 24-ஐ 3-ஆல் வகுத்தால் எட்டு.

இப்படிக் குலம் எங்கே எறிந்தாலும் முழுசாகப் போகிற, இல்லையென்றால் இருந்த இடத்திலேயே முழுசாக நிற்கிற, பாதி இங்கே பாதி அங்கே என்று ஒருநாளும் சிதறாத கூட்டத்துக்குப் பிளாக் என்று பெயர். ஒற்றைப் புள்ளியும் மொத்தக் கணமும் எப்போதுமே பிளாக்தான், அவற்றைக் கணக்கில் எடுப்பதில்லை. அதைத் தவிர வேறு பிளாக்கே இல்லாத டிரான்சிட்டிவ் குலம் பிரிமிட்டிவ். இதையே இன்னொரு வாசல் வழியாகவும் சொல்லலாம். ஒரு புள்ளியை அசைக்காமல் வைக்கும் உட்குலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கும் முழுக் குலத்துக்கும் நடுவில் வேறு உட்குலம் நுழைய இடம் இருந்தால் ஒரு பிளாக் அமைப்பு கிடைக்கும், இடம் இல்லாவிட்டால் குலம் பிரிமிட்டிவ். இரண்டும் ஒன்றுக்கொன்று சரியான பிரதி.

நாலு புள்ளிகளில் டிரான்சிட்டிவ் குலங்கள் மொத்தம் ஐந்து. சுற்ற மட்டும் செய்கிற சி-4, இரண்டிரண்டாக மாற்றும் வி-4, பலகையின் எட்டுச் சமச்சீர் கொண்ட டி-4, இரட்டைப்படைத் தடவை ஆள் மாற்றிக் கிடைக்கும் 12 கொண்ட ஏ-4, 24-ம் கொண்ட எஸ்-4. சி-4-க்கும் டி-4-க்கும் ஒரே பிளாக் அமைப்பு, அது நம் எதிரெதிர் ஜோடி. வி-4-க்கு மூன்று பிளாக் அமைப்பு, யாரை யாருடன் சேர்த்தாலும் அது கலைக்காது. ஏ-4, எஸ்-4 இரண்டும் எந்த ஜோடியையும் வாழவிடாதவை. ஐந்தில் அவை இரண்டு மட்டுமே பிரிமிட்டிவ். கேரத்தில் முறை வலக்கைப் பக்கமாகப் போகும், அதைக் காப்பாற்ற வேண்டுமானால் புரட்டல்கள் நாலும் விழுந்துவிடும், சி-4 மட்டும் மிஞ்சும். பார்ட்னர் விஷயத்தில் அதனால் ஒன்றும் மாறாது.

பிளாக்கைக் கையால் கண்டுபிடிக்கும் முறை

புள்ளிகள் ஐம்பதோ ஐயாயிரமோ என்றால் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. 1970-களில் அட்கின்சன் என்ற கணிதவியலாளர் எழுதிவைத்த வழி இன்றும் குலக் கணக்கு மென்பொருள்களின் அடித்தளத்தில் ஓடுகிறது. 1-ஐயும் வேறொரு புள்ளியையும் “இவர்கள் ஒரே கட்சி” என்று வலுக்கட்டாயமாகச் சேர்த்துவிடுங்கள். பிறகு குலத்தை உண்டாக்கும் வரிசைமாற்றங்களை (மாற்றிமாற்றிச் செய்தால் மொத்தக் குலத்தையும் தருகிற சிலவற்றை) மட்டும் எடுத்து, சேர்த்த ஜோடி எங்கே போகிறது என்று பாருங்கள். போன இடத்தில் இருக்கும் இருவரும் அங்கே ஒரே கட்சியாகிவிட வேண்டும். புதிதாக எந்தச் சேர்க்கை நடந்தாலும் அதையும் வரிசையில் போட்டு எல்லா உண்டாக்கிகளாலும் மறுபடி எறிய வேண்டும். புதுச் சேர்க்கை நின்றதும் கையில் இருப்பதுதான் அந்த இரண்டு புள்ளிகளையும் கொண்ட மிகச் சிறிய பிளாக்.

பலகையில் செய்து பாருங்கள். உண்டாக்கிகள் இரண்டு: 1→2→3→4→1 என்ற கால் சுற்று, 2-ஐயும் 4-ஐயும் மட்டும் மாற்றும் புரட்டல். 1-ஐயும் 3-ஐயும் சேர்த்தால் சுற்று 2-ஐயும் 4-ஐயும் சேர்க்கிறது. மறு சுற்று 3-1, அது ஏற்கெனவே உள்ளது. புரட்டல் புதிதாக எதையும் தரவில்லை. நின்றுவிட்டது, இரண்டு கட்சி. 1-ஐயும் 2-ஐயும் சேர்த்தால்? சுற்று 2-3 என்கிறது, 1, 2, 3 மூவரும் ஒரே கட்சி. அடுத்த சுற்று 3-4 என்கிறது, எல்லாரும் ஒன்று. அந்த வழி மூடிக்கொண்டது. 1-4 சேர்க்கையைத் தனியாகப் பார்க்கவே வேண்டாம், 1-ஐ அசைக்காத புரட்டல் 2-ஐ 4-ஆக்குகிறது, விடை அதுவேதான். பெரிய கணக்கில் நேரம் மிச்சமாவது இந்த இடத்தில்தான். 1-ஐ அசைக்காத உறுப்புகள் சேர்ந்தது 1-இன் நிலைப்பி உட்குலம். அது ஒரு புள்ளியைக் கொண்டுபோகும் இடங்கள் எல்லாம் சேர்ந்தது அந்தப் புள்ளியின் சுற்றுப்பாதை. அப்படிப்பட்ட சுற்றுப்பாதை ஒவ்வொன்றிலும் ஒரு புள்ளி எடுத்தால் போதும்.

இதில் வழக்கமாக நடக்கும் தவறு ஒன்று. முதல் ஜோடியின் பிம்பங்களை மட்டும் பார்த்து, அவை ஒன்றையொன்று தொடவில்லையே என்று நிறுத்திவிடுவார்கள். கட்சிகள் இணையும்போது உண்டாகும் மறைமுகச் சேர்க்கைகளை வரிசையில் போட மறந்தால், பிளாக் இல்லாத ஒன்றைப் பிளாக் என்று அறிவித்துவிடுவோம். இன்னொரு தவறு, அளவை மட்டும் பார்ப்பது. பிளாக்கின் அளவு புள்ளி எண்ணிக்கையை மீதியில்லாமல் வகுக்க வேண்டும் என்பது உண்மை. அதனால்தான் புள்ளிகளின் எண்ணிக்கை பகா எண் என்றால் டிரான்சிட்டிவ் ஆனதெல்லாம் பிரிமிட்டிவ். ஆனால் வகுபடுகிறது என்பதாலேயே பிளாக் இருந்தாக வேண்டும் என்பதில்லை. ஏ-4 அதற்குச் சாட்சி: 4 வகுபடும், பிளாக் கிடையாது.

பன்னிரண்டு, இரண்டு மாடியும் மூன்று மாடியும்

இப்போது அந்தப் பகா எண் வாக்கியத்துக்கு வருவோம். பலகையின் நடுவில் காய் அடுக்கியதும் ரெட்டைச் சுற்றி முதல் வட்டத்தில் ஆறு காய், வெள்ளையும் கறுப்பும் மாறிமாறி. அறுகோணத்தின் 12 சமச்சீரும் இந்த ஆறின்மேல் டிரான்சிட்டிவ். பிளாக் தேடினால் இரண்டு அமைப்பு கிடைக்கும். ஒன்று நிறவாரியாக, மூன்று வெள்ளை ஒரு கட்சி, மூன்று கறுப்பு ஒரு கட்சி. இன்னொன்று எதிரெதிர்க் காய்கள், மூன்று ஜோடி. (ஒவ்வொரு ஜோடியிலும் ஒரு வெள்ளையும் ஒரு கறுப்பும் இருக்கும், அடுத்த தடவை அடுக்கும்போது கவனியுங்கள்.) ஆக இந்த ஆறை 2×3 என்றும் பிரிக்கலாம், 3×2 என்றும் பிரிக்கலாம். முதல் பிரிப்பில் இந்தக் குலம் 72 உறுப்புள்ள ஒரு பெரிய குலத்துக்குள் உட்காரும், இரண்டாவதில் 48 உறுப்புள்ள ஒன்றுக்குள். அந்தப் பெரிய குலங்களுக்கு ரீத் பெருக்கல் என்று பெயர். நம் ஊரில் ரீத் என்றால் வேறு நினைவு வரும் என்பதால் மாலைப் பெருக்கல் என்றே சொல்லலாம். ‘உள்ளே உட்காரும்’ என்பதுதான் இங்கே முக்கியம். உதிரி பாகங்கள் கையில் இருந்தாலும் 72-க்குள் இந்த 12 எது என்று பாகங்கள் சொல்லாது. 3-ஐயும் 5-ஐயும் கொடுத்தால் 15 ஒன்றே ஒன்றுதான். பிரிமிட்டிவ் குலங்கள் இரண்டைக் கொடுத்தால் ஒட்டும் வழிகள் பல.

“சரி, வரிசை மாறினால் என்ன, பாகங்கள் அதேதானே” என்று வாக்கியத்தைக் காப்பாற்ற வருகிறவர்கள் உண்டு. காப்பாற்ற முடியாது. நாலு பேரைப் பலகையைச் சுற்றி உட்கார வைக்க 24 வழி. ஒரு அமர்வில் தொடங்கி, இரட்டைப்படைத் தடவை ஆள் மாற்றிக் கிடைக்கும் அமர்வுகள் மட்டும் 12. ஆட்களின் பெயரை ஏ-4 முறைப்படி மாற்றினால் இந்த 12-ம் தங்களுக்குள் டிரான்சிட்டிவாக இடம் மாறும். இந்த 12 புள்ளிகளை மேற்குப் பக்கம் யார் உட்கார்ந்திருக்கிறார் என்பதை வைத்துப் பிரியுங்கள். நாலு பிளாக், ஒவ்வொன்றிலும் மூன்று அமர்வு. நாலு பிளாக்மேல் செயல்படுவது ஏ-4, அது பிரிமிட்டிவ். ஒரு பிளாக்குக்குள்ளே மூன்றின்மேல் சி-3, அதுவும் பிரிமிட்டிவ். இனி உடையாது. இரண்டு மாடிக் கட்டடம்.

அதே 12-ஐ இப்போது யார் யாருக்குப் பார்ட்னர் என்பதை வைத்துப் பிரியுங்கள். மூன்று பிளாக், தலா நாலு அமர்வு. மூன்றின்மேல் சி-3. உள்ளே உள்ள நாலை, கிழக்கு மேற்காக உட்கார்ந்திருப்பது எந்த ஜோடி என்று பார்த்து இரண்டு இரண்டாகப் பிரிக்கலாம். பிறகு அந்த இரண்டும் தனித்தனி. மூன்று மாடி: 3, 2, 2. அதே குலம், அதே புள்ளிகள். ஒரு வழியில் 12 என்பது 4×3, அந்த 4-ஐ எந்தச் சுத்தியலாலும் உடைக்க முடியாது. இன்னொரு வழியில் 12 என்பது 3×2×2. பாகங்கள் மட்டுமல்ல, பாகங்களின் எண்ணிக்கையே வேறு. பகா எண் உலகத்தில் இப்படி நடந்தால் கடையை மூடிவிட்டுப் போக வேண்டியதுதான். ஒப்புமை செத்துப்போகிற இடம் இதுதான் என்பது என் எண்ணம். ஏனோ வகுப்பில் இந்தப் பன்னிரண்டைக் காட்டுவதே இல்லை. காட்ட ஐந்து நிமிஷம் போதும்.

ஐந்தாவது ஆள் வந்தால்

நாலு பேரில் இருவரைத் தேர்ந்தெடுக்க ஆறு வழி. எஸ்-4 அந்த ஆறு ஜோடிகளின்மேல் செயல்படும்போது பிரிமிட்டிவ் ஆகாது, ஒவ்வொரு ஜோடியும் தன் எதிர் ஜோடியோடு கட்டுண்டு கிடக்கும். 1-ம் 2-ம் சேர்ந்த ஜோடியை 12 என்று எழுதினால், 12 போனால் 34-ம் கூடவே போகும். இந்த மூன்று கட்டுகளைக் கொண்டுதான் நான்காம்படிச் சமன்பாட்டை மூன்றாம்படிச் சமன்பாடு ஒன்றுக்கு இறக்கித் தீர்க்கும் பழைய வித்தை வேலை செய்கிறது.

வேடிக்கை பார்க்கும் ஐந்தாவது பையனையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஜோடிகள் 10, செயல்படுவது எஸ்-5. 12-உடன் ஒட்டாத ஜோடிகள் இப்போது மூன்று: 34, 35, 45. அட்கின்சன் முறையை ஓட்டுங்கள். 12-ஐயும் 34-ஐயும் சேர்த்தால், 1-ஐயும் 2-ஐயும் அப்படியே விட்டுவிட்டு 4-ஐயும் 5-ஐயும் மாற்றுகையில் 12-35 சேர்ந்தாக வேண்டும். இன்னொரு மாற்றில் 34-15 சேர்ந்தாக வேண்டும். இப்படிப் பத்தும் ஒரே கட்சியாகிவிடும். ஒரு பொதுப் பெயர் உள்ள ஜோடிகளைச் சேர்த்துத் தொடங்கினாலும் முடிவு அதேதான். எஸ்-5 பத்தின்மேல் பிரிமிட்டிவ். ஒட்டாத ஜோடிகளைக் கோட்டால் இணைத்து வரைந்தால் பீட்டர்சன் வரைபடம் வரும், அது முழுக்கத் தொடர்புள்ளது. இதையே ஹிக்மன் என்ற கணிதவியலாளர் பொதுவிதி ஆக்கினார். புள்ளி ஜோடிகளின் சுற்றுப்பாதை ஒவ்வொன்றையும் ஒரு வரைபடமாக வரையுங்கள். எல்லாமே தொடர்புள்ளதாக இருந்தால் பிரிமிட்டிவ், ஒன்று துண்டாகிவிட்டாலும் அந்தத் துண்டுகளே பிளாக். ஆறில் அந்த வரைபடம் மூன்று தனிக் கோடுகளாக உடைந்து கிடந்தது.

இது வெறும் பொழுதுபோக்கு என்று நினைக்கிறவர்களுக்கு ஒரு விபத்தைக் காட்டலாம். பல்லுறுப்புக் கோவையின் கால்வா குலம் (மூலங்களுக்கு இடையே உள்ள உறவுகள் கெடாமல் அவற்றை இடம் மாற்றும் குலம்) எஸ்-என் தானா, அதாவது மூலங்களின் எல்லா இடமாற்றமும் அதில் உண்டா என்று பார்க்க ஒரு சுருக்கு வழி உண்டு. கோவை மேற்கொண்டு காரணிப்படாது என்றால் குலம் டிரான்சிட்டிவ், குலத்தில் இரண்டே இரண்டு மூலங்களை மட்டும் மாற்றும் ஒரு உறுப்பையும் காட்டிவிட்டால் எஸ்-என். எக்ஸ்⁵ − எக்ஸ் − 1 என்பதை எடுங்கள். 5-ஐ மட்டாகக் கொண்டால் (கெழுக்களை 5-ஆல் வகுத்த மீதியாக மட்டும் பார்த்தால்) அது காரணிப்படாது. 2-ஐ மட்டாகக் கொண்டால் (எக்ஸ்² + எக்ஸ் + 1)(எக்ஸ்³ + எக்ஸ்² + 1) என்று இரண்டும் மூன்றுமாக உடைகிறது. அதனால் குலத்தில் ஒரு 2-சுழலும் (இரண்டை இடம் மாற்றுவது) ஒரு 3-சுழலும் (மூன்றை வட்டமாகச் சுற்றுவது) சேர்ந்த உறுப்பு இருக்கிறது. அதை மூன்று தடவை செய்தால் 3-சுழல் மறைந்து 2-சுழல் மட்டும் மிஞ்சும். எஸ்-5, முடிந்தது. சரியான விடை.

அதே தைரியத்தில் எக்ஸ்⁴ − 2-க்குப் போனால் கதை கந்தலாகும். அதுவும் காரணிப்படாது. அதன் நாலு மூலங்கள் ‘வ’, ‘−வ’, கற்பனை அலகால் பெருக்கிய இன்னும் இரண்டு, ‘வ’ ஏறத்தாழ 1.189. கலப்பெண் தளத்தில் குறித்துப் பாருங்கள், கேரம் போர்டைச் சுற்றி நாலு பேர் உட்கார்ந்தது மாதிரியே நிற்கும். இணைக் கலப்பெண் எடுத்தால் மெய் மூலங்கள் இரண்டும் அசையாது, கற்பனை மூலங்கள் இரண்டு மட்டும் இடம் மாறும். டிரான்சிட்டிவும் இருக்கிறது, இரண்டை மட்டும் மாற்றும் உறுப்பும் இருக்கிறது. ஆனால் குலம் எஸ்-4 இல்லை, 8 உறுப்புள்ள டி-4. நம் பலகையில் 2-ஐயும் 4-ஐயும் மாற்றிய அந்தப் புரட்டல்தான் இது. எதிரெதிர் மூலங்கள் ‘வ’, ‘−வ’ இரண்டுக்கும் வர்க்கம் ஒன்று, √2. அந்த √2 உண்டாக்கும் நடுக்களம்தான் பிளாக்காகத் தெரிகிறது. (கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் நாலும் உள்ளேயே அடங்கும் தொகுப்புக்குக் களம் என்று பெயர்.) ஜோர்டானின் தேற்றத்தில் ‘பிரிமிட்டிவ்’ என்ற சொல் அலங்காரத்துக்கு இல்லை. பிரிமிட்டிவ் குலத்தில் 2-சுழல் இருந்தால் முழு எஸ்-என், 3-சுழல் இருந்தால் குறைந்தது ஏ-என். ஐந்தாம்படியில் 5 பகா எண் என்பதால் அந்த நிபந்தனை சத்தமில்லாமல் நிறைவேறிவிட்டது. நான்கு, ஆறு, எட்டில் யாராவது அதைச் சரிபார்த்தே ஆக வேண்டும்.

உடையாததற்குள்ளே என்ன இருக்கிறது

இனி உடைக்க முடியாது என்ற நிலைக்கு வந்த பிறகுதான் உண்மையான கதை தொடங்குகிறது. பகா எண்ணுக்கு உள்ளே பார்க்க ஒன்றும் இல்லை. பிரிமிட்டிவ் குலத்துக்கு உள்ளே பெரிய எலும்புக்கூடே இருக்கிறது. முதல் அடி மிகச் சின்னது. குலத்தின் நார்மல் உட்குலம் ஒன்றை எடுங்கள். (குலத்தின் ஓர் உறுப்பைச் செய்து, உட்குலத்தில் ஒன்றைச் செய்து, முதலாவதைத் திருப்பிச் செய்தாலும் விடை உட்குலத்துக்குள்ளேயே விழுந்தால் அது நார்மல்.) அதன் சுற்றுப்பாதைகளைக் குலம் ஒன்றையொன்றாக மாற்றுமே தவிர உடைக்காது. அதாவது அவை பிளாக்குகள். பிரிமிட்டிவ் குலத்தில் வேறு பிளாக் கிடையாது, ஆகவே ஒன்றும் அசைக்காத உட்குலத்தைத் தவிர மற்ற எல்லா நார்மல் உட்குலமும் தானே டிரான்சிட்டிவ். இந்த ஒரு வரிதான் மொத்தக் கட்டடத்தின் கடைக்கால். இரண்டு வெவ்வேறு மிகச்சிறிய நார்மல் உட்குலங்கள் இருந்தால் ஒன்றின் உறுப்புகள் மற்றதன் உறுப்புகளோடு வரிசை மாறினாலும் ஒரே விடை தரும். டிரான்சிட்டிவ் குலத்தோடு இப்படி ஒத்துப்போகும் உறுப்பு ஒரு புள்ளியை அசைக்காவிட்டால் எதையுமே அசைக்காது. ஆகவே இரண்டுமே ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரே ஒரு உறுப்பு என்ற கணக்கில் வந்துவிடும். மூன்றாவதுக்கு இடமே கிடையாது. இந்த ஒன்றோ இரண்டோ சேர்ந்ததுதான் சாக்கிள். அது ஒரே எளிய குலத்தின் பிரதிகளைப் பெருக்கிக் கிடைப்பது. (தன்னையும் ஒன்றும் அசைக்காததையும் தவிர வேறு நார்மல் உட்குலம் இல்லாததுதான் எளிய குலம்.)

1979-இல் சாண்டா குரூஸ் மாநாட்டின்போது லெனார்ட் ஸ்காட், மைக்கேல் ஓநான் இருவரும் தனித்தனியே கொண்டுவந்த தேற்றம் இதைத்தான் முழுமையாக்கியது. சாக்கிள் எப்படிப்பட்டது, புள்ளிமேல் எப்படி உட்கார்ந்திருக்கிறது என்பதை வைத்துப் பிரிமிட்டிவ் குலங்கள் சில வகைகளில் அடங்கிவிடும்.

முதல் வகை அஃபைன். புள்ளிகளே ஒரு வெக்டர் வெளி, எண்ணிக்கை ஒரு பகா எண்ணின் அடுக்கு. நகர்த்தல்களும் பூச்சியத்தை அசைக்காத ஒரு அணிக் குலமும் சேர்ந்தது. பிரிமிட்டிவா என்ற கேள்வி இங்கே அந்த அணிகள் ஏதாவது உள்வெளியைக் காப்பாற்றுகின்றனவா என்று மாறிவிடும். நம் பலகையையே எடுங்கள். நாலு பேரும் இரண்டு உறுப்புள்ள களத்தின்மேல் இரண்டு பரிமாண வெளி, 1-தான் பூச்சியம். டி-4-இல் 1-ஐ அசைக்காதது 2-4 புரட்டல் மட்டும். அது 3 என்ற வெக்டரைத் தொடவில்லை. ஆகவே 1, 3 சேர்ந்தது உள்வெளி, பார்ட்னர் ஜோடி மறுபடி எட்டிப்பார்க்கிறது. ஏ-4-இல் 1-ஐ அசைக்காதது 2→3→4 சுழல், அது எந்த வெக்டரையும் விட்டுவைக்காது. உள்வெளி இல்லை, பிரிமிட்டிவ். 16 புள்ளிகளில் உள்ள 22 பிரிமிட்டிவ் குலங்களில் 20 இந்த வகை.

இரண்டாவது, ஏறத்தாழ எளிய குலங்கள், எஸ்-5 பத்தின்மேல் செய்தது இதில் சேரும். மூன்றாவது மூலைவிட்ட வகை. ஏ-5-இன் 60 உறுப்புகளையே புள்ளிகளாக வைத்து இடமிருந்தும் வலமிருந்தும் பெருக்குவது அதன் மிகச் சிறிய உதாரணம். நாலாவது பெருக்கல் வகை. இதற்குத் தாயக்கட்டம் உதவும், ஐந்துக்கு ஐந்து, 25 கட்டம். நீளவாக்கில் ஒரு எஸ்-5, குறுக்குவாக்கில் ஒரு எஸ்-5, இரண்டு திசையையும் மாற்றும் ஒரு புரட்டல். இது பிரிமிட்டிவ். எஸ்-5-க்குப் பதில் ஐந்தையும் சுற்ற மட்டும் செய்யும் சி-5-ஐப் போட்டால் விழுந்துவிடும். நீள எண்ணிலிருந்து குறுக்கு எண்ணைக் கழித்து வரும் விடைவாரியாகக் கட்டங்களைச் சாய்வுக் கோடுகளாகப் பிரித்தால், சுற்றும் புரட்டலும் அந்தக் கோடுகளைக் கலைக்காது. பாகம் பிரிமிட்டிவ் என்றால் மட்டும் போதாது, ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரே உறுப்பு என்ற கணக்கில் இருக்கவும் கூடாது. சி-5 பிரிமிட்டிவ்தான், ஆனால் இந்த இரண்டாவது நிபந்தனையில் தோற்கிறது. இந்த நிபந்தனையை விட்டுவிட்டு எழுதும் குறிப்புகள் ஏராளம்.

கடைசி வகையில்தான் அந்தப் பெரிய சறுக்கல். தேற்றம் முதலில் அச்சான வடிவத்தில் முறுக்கிய மாலை வகை விடுபட்டுப்போனது. அஷ்பாக்கர் அதைச் சுட்டிக்காட்டினார். 1988-இல் லீபெக், பிரேகர், சாக்ஸ்ல் மூவரும் ஓட்டையில்லாத நிரூபணத்தை அச்சிட்டார்கள். பெரிய ஆட்கள் எப்படி அதைத் தவறவிட்டார்கள் என்று ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. அந்த வகையின் மிகச் சிறிய குலத்துக்கே 60-இன் ஆறாம் அடுக்கு, அதாவது 4,665.6 கோடி புள்ளிகள் வேண்டும். எந்த அட்டவணையைப் புரட்டினாலும் தற்செயலாகக் கண்ணில் படாது. சின்ன உதாரணங்களைப் பார்த்து விதி கண்டுபிடிக்கிறவர்கள் மாட்டுகிற பொறி இதுதான்.

பகா எண் எங்கே ஒளிந்திருந்தது

எண்ணிக்கையைப் பாருங்கள். 12 புள்ளிகளில் டிரான்சிட்டிவ் குலங்கள் 301, பிரிமிட்டிவ் 6: மாத்யூ குலங்கள் எனப்படும் எம்-11, எம்-12, 11 உறுப்புக் களத்தின் நேர்கோட்டுக் குலங்கள் இரண்டு, ஏ-12, எஸ்-12. 24 புள்ளிகளில் டிரான்சிட்டிவ் சரியாக 25,000. யாரும் முழு எண்ணாக்கிச் சொல்லவில்லை, கணக்கே அப்படித்தான் வந்தது. பிரிமிட்டிவ் ஐந்தே ஐந்து, அதில் ஒன்று 24,48,23,040 உறுப்புள்ள எம்-24. 32 புள்ளிகளில் டிரான்சிட்டிவ் 28,01,324, பிரிமிட்டிவ் 7. 34-இல் ஏ-34, எஸ்-34 தவிர பிரிமிட்டிவ் எதுவும் இல்லை. நாலு வரையுள்ள சின்ன எண்களை ஒதுக்கிவிட்டால், ஏ-யும் எஸ்-உம் தவிர ஆளே இல்லாத முதல் இடம் அது. அடுத்து 39, அதற்கடுத்து 46.

கேமரன், நியூமன், டீக் மூவரும் 1982-இல், எளிய குலங்களின் வகைப்பாட்டைத் துணைக்கு வைத்துக்கொண்டு, இந்த வெறுமைதான் பொதுவிதி என்று நிறுவினார்கள். பெரும்பாலான எண்களில் ஏ-யும் எஸ்-உம் தவிர பிரிமிட்டிவ் குலமே கிடையாது. விதிவிலக்கான எண்கள் எத்தனை என்றால், முதல் கணக்கில் அந்த எல்லை வரை உள்ள பகா எண்களின் எண்ணிக்கையைப் போல் இரு மடங்கு. காரணம் கையருகே இருக்கிறது. பகா எண் அளவு புள்ளிகள் இருந்தால் சுற்றுக் குலமே பிரிமிட்டிவ். அதற்கு ஒன்று கூடுதலாகப் புள்ளிகள் இருந்தால் அந்தப் பகா எண் அளவுள்ள களத்தின் வீழ்கோட்டின்மேல் (களத்தின் உறுப்புகளோடு முடிவிலி என்ற ஒரு புள்ளியும் சேர்ந்தது) நேர்கோட்டுக் குலம் பிரிமிட்டிவ். 12 என்பது 11-உம் ஒன்றும். 24 என்பது 23-உம் ஒன்றும். 34-ம் பகா எண் இல்லை, 33-ம் இல்லை. மீதி உதாரணங்களெல்லாம் இவற்றுக்கு முன்னால் சில்லறை.

பகா எண் இந்தக் கதையில் உண்டு, ஆனால் அது புள்ளிகளின் எண்ணிக்கையில் உட்கார்ந்திருக்கிறது. குலத்தை ‘பகா எண் மாதிரி’ என்றதுதான் பிழை. 48-ஐ எடுத்துக்கொள்ளுங்கள், 47-உம் ஒன்றும். பிரிமிட்டிவ் நாலு, எதிர்பார்த்த நாலேதான். அதே 48 புள்ளிகளில் டிரான்சிட்டிவ் குலங்கள் 19,58,26,352. அந்த நாலைக் கழித்துவிட்டால் மீதியுள்ள அத்தனையும் சின்னச் சின்னப் பிரிமிட்டிவ் துண்டுகளை மாடிமேல் மாடியாக அடுக்கியவை, துண்டுகளின் பட்டியல் ஒரு கைக்குட்டையில் எழுதும் அளவுதான். மீதிக் கோடிகள் எல்லாம் அவற்றை ஒட்டிய விதங்கள்.